வெள்ளிக்கிழமை எடை, திங்கட்கிழமை எடை

என் அக்கா வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு 'இன்னொருவாட்டி' என்று பெயர். எதை எடை போட்டாலும் எழுதி முடித்ததும், "எதுக்கும் இன்னொருவாட்டி போட்டுப் பாத்துடலாம்" என்பாள். வீட்டிலும் அப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மாமா லிஃப்ட் மெக்கானிக். "உங்கக்கா என்னைக் கட்டிக்கிட்டதுல மட்டும்தான்டா இன்னொருவாட்டி யோசிக்கல" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். "யோசிச்சேன். அதே பதில்தான் வந்துச்சு, என்ன பண்றது?" என்பாள் அக்கா.

அவள் வேதியியல் படித்து முடித்தபோது அந்தக் கூடத்தில் காலியாக இருந்தது குடுவை கழுவும் வேலை ஒன்றுதான். பட்டத்தை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, போய்க் கழுவினாள். இரண்டு வருஷம் கழுவினாள். பிறகு எடை போட விட்டார்கள், பிறகு அளக்கும் மெஷின் முன்னால் உட்கார விட்டார்கள். பதினாறாவது வருஷம் அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை வந்தது. அன்றைக்கு அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மா, இனிமே நான் எழுதினா அது எழுதினதுதான்" என்றாள். அம்மாவுக்கு அது புரியவில்லை. "முன்னாடி எழுதினதெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

அந்தக் கூடத்தின் முக்கியமான வேலை நிலக்கடலை. கடலையில் ஒருவகைப் பூஞ்சை பிடித்தால் நஞ்சு சேரும். கண்ணுக்குத் தெரியாது, வாடை இருக்காது, வறுத்தாலும் முழுசாகப் போகாது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டு, அதில் நாலு பங்குதான் ஒரு கிலோ கடலையில் இருக்கலாம் என்று வாங்குகிற நாட்டில் சட்டம். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக 'நாலு' என்பார்கள். நாலுக்குக் கீழே இருந்தால் கப்பலேறும். மேலே போனால் ஏறாது.

நான் துறைமுகத்துக்கு எதிரே ஒரு க்ளியரிங் ஆபீஸில் குமாஸ்தா. கன்டெய்னர்களுக்கான காகிதங்களை மேசைக்கு மேசை நகர்த்துவது என் வேலை. அதனால் இந்தக் கதையின் இரண்டு கரையும் எனக்குத் தெரியும். முன்பெல்லாம் அக்கா கொடுத்த அறிக்கையைத் துறைமுகத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் தானே மாதிரி எடுத்து, தலைநகரத்தில் இருக்கும் அரசுக் கூடத்துக்கு அனுப்பும். பதில் வரப் பதினாறு நாள். அதுவரை கன்டெய்னர் வெயிலில் நிற்கும். பகலில் உள்ளே வேகும், விடியற்காலையில் கூரையிலிருந்து ஈரம் சொட்டும். நல்ல கடலை, நல்லதுதான் என்ற காகிதத்துக்காகக் காத்திருந்தே பூஞ்சை பிடித்துப் போகும்.

சோதனைக்கூடங்களையே சோதித்துப் பார்க்க ஓர் அங்கீகார வாரியம் இருக்கிறது. தராசு சரியா, மெஷின் சரியா, ஆட்களுக்கு வேலை தெரியுமா என்று வருஷா வருஷம் வந்து குடைந்து பார்த்துவிட்டுச் சான்றிதழ் கொடுப்பார்கள். கடலை வாங்கும் நாட்டிலும் இப்படி ஒரு வாரியம் உண்டு. இதை அது ஒப்புக்கொள்ளும், அதை இது ஒப்புக்கொள்ளும். எங்கள் துறைமுகம்தான் இரண்டையும் கண்டுகொள்ளாமல் இருந்தது. வாரியமும் துறைமுகத்து உணவுக் கட்டுப்பாட்டு ஆபீஸும் இரண்டு வருஷம் பேசிப் பேசிக் கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வாரியம் அங்கீகரித்த கூடத்தின் அறிக்கையைத் துறைமுகம் அப்படியே ஏற்கும். பதிலுக்கு, எந்தக் கூடத்திலாவது கோளாறு என்றால் வாரியம் ஒரே நாளுக்குள் துறைமுகத்துக்குச் சொல்ல வேண்டும். வாரியம் சோதிக்கப் போகும்போது துறைமுகத்து ஆளும் கூடப் போகலாம்.

கையெழுத்தாவதற்கு முன் துறைமுக மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. உணவுக் கட்டுப்பாட்டு ஆபீஸின் தலைவி ஓர் அம்மா. சீல் வைப்பதும் உடைப்பதும் அவர் கையில் என்பதால் எல்லோருக்கும் அவர் 'சீல் மேடம்'. சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் எழுந்து, "உங்க கையெழுத்த நம்பி நான் கதவைத் திறந்து விடப் போறேன். தப்பாப் போச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கூடங்களின் முதலாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து அக்கா, "நாங்களே வந்து சொல்லுவோம் மேடம்" என்றாள். சொல்லிவிட்டு, எதற்கு வாயைத் திறந்தோம் என்பதுபோல உட்கார்ந்துவிட்டாள்.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பதினாறு நாள் இரண்டு நாளானது. எங்கள் தெருவில் லாரிகள் நிற்க இடமில்லாமல் இருந்த வரிசை கரைந்தது. ஆறு வாரம் எல்லாம் நன்றாகப் போனது.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை காலையில், பள்ளிக்கூடத்தில் ஊஞ்சலிலிருந்து விழுந்து என் மருமகளுக்கு, அதாவது அக்காவின் ஒன்பது வயது மகளுக்குக் கை முறிந்தது. போன் வந்தபோது அக்கா ஒரு சின்ன பாட்டிலைத் தராசில் வைத்திருந்தாள். அந்த பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் இருப்பது அந்த நஞ்சேதான், இவ்வளவு என்று தெரிந்த அளவில் கரைத்தது. கடலையில் எவ்வளவு இருக்கிறது என்று மெஷின் தானாகச் சொல்லாது. பாட்டிலில் உள்ளதோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். பாட்டில் பொய் சொன்னால் மெஷினும் பொய் சொல்லும். கரைசல் சீக்கிரம் ஆவியாகிற வகை என்பதால், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பாட்டிலை எடை போட்டு ஒரு நோட்டில் எழுத வேண்டும். வைத்த எடையும் எடுத்த எடையும் ஒன்றாக இருந்தால் சரி.

அக்கா எடையை எழுதினாள். 40.917. வெள்ளிக்கிழமை வைத்தபோது என்ன எடை என்று பார்க்கவில்லை. அது முந்தின பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது. பக்கத்தைத் திருப்பியிருந்தால் போதும். அவள் நோட்டை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மதியம்தான் அவளுக்கு அது தெரிந்தது. நஞ்சின் அளவு ஏற்கனவே தெரிந்த ஒரு கடலை மாவை அவர்கள் தினமும் சோதித்து, சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளி இரண்டு கோட்டுக்குள் இருந்தால் அன்றைய வேலை சரி. அன்றைய புள்ளியும் கோட்டுக்குள்தான் இருந்தது. ஆனால் அந்தத் திங்கட்கிழமையிலிருந்து ஒன்பது புள்ளிகளும் நடுக்கோட்டுக்குக் கீழேயே வரிசையாக உட்கார்ந்திருந்தன. அக்கா டிபன் டப்பாவைத் திறந்தபடியே வைத்துவிட்டு, தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய் நோட்டை எடுத்தாள். பக்கத்தைத் திருப்பினாள்.

வெள்ளிக்கிழமை 41.862.

ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மூடி சரியாக இறுகாமல், சனி ஞாயிறு இரண்டு நாளில் கரைசலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காற்றில் போயிருந்தது. மீதி இருந்தது எழுதியிருந்ததைவிடக் கெட்டியானது. அதனோடு ஒப்பிட்டதால் எல்லாக் கடலையும் உள்ளதைவிடச் சுத்தமாகத் தெரிந்திருக்கிறது. அந்த ஒன்பது நாளில் அவள் பதினோரு அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"ஸ்டூலைத் தேடி உக்காந்தேன்" என்று பிறகு என்னிடம் சொன்னாள். உட்கார்ந்தபடியே பதினோரு கணக்கையும் திருப்பிப் போட்டாள். ஒன்பது, எப்படிப் பார்த்தாலும் நாலுக்கு வெகு கீழே. இரண்டு அப்படியில்லை. ஒன்றை 3.2 என்று எழுதியிருந்தாள், அது 4.1 ஆக இருக்கலாம். இன்னொன்றை 3.4 என்று எழுதியிருந்தாள், அது 4.4-ஐயும் தாண்டலாம்.

எனக்குப் போன் வந்தது. ஒரு கன்டெய்னர் எண்ணைச் சொன்னாள், 3.2 என்று எழுதினது.

"இது எங்க இருக்குன்னு பாரு."

"யார்டுலதான் இருக்கு. நாளைக்குக் காலையில கப்பல்ல ஏத்தறாங்க. எங்க ஆபீஸ் பார்ட்டிதான். ஏன்க்கா?"

இன்னொரு எண்ணைச் சொன்னாள்.

"அது ஞாயித்துக்கிழமையே கிளம்பிடுச்சு. இன்னும் ரெண்டு வாரத்துல அங்க போய்ச் சேரும்."

அக்கா இரண்டு எண்ணையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். பிறகு, "நான் கேட்டதை யாருகிட்டயும் சொல்லாதே. முறையா வர்ற வழியில வரட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தப் பிற்பகல் முழுக்க நான் என் முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த யார்டு கன்டெய்னர், எங்களுக்கு வருஷம் முழுவதும் வேலை கொடுக்கும் கடலைக்காரருடையது.

அக்கா நோட்டையும் தாளையும் எடுத்துக்கொண்டு தன் முதலாளியின் அறைக்குப் போனாள். கெட்டவர் இல்லை அவர். இருபத்தாறு பேருக்கு வேலை கொடுப்பவர், மழை வந்தால் ஆட்களைத் தன் வண்டியில் வீட்டில் விடுபவர். நோட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"முதல்ல நாமளே திரும்ப டெஸ்ட் பண்ணிடலாம். ஒருவேளை ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கலாம்ல?"

"புது பாட்டில் வர நாலு நாள் ஆகும் சார். நாளைக்குக் காலையில ஒண்ணு ஏறிடும்."

"சொன்னா முதல்ல நம்மளத்தான் நிறுத்துவாங்க."

"ஆமா சார்."

"நம்மளோட போகாது. அந்த ஒப்பந்தத்தையே வேண்டாம்னுடுவாங்க. ஊரே நம்மளத் திட்டும். பாரு, கோட்டுக்குள்ளதானே இருக்கு எல்லாப் புள்ளியும்?"

அக்கா நடுக்கோட்டுக்குக் கீழே இருந்த ஒன்பது புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். அவர் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார். பிறகு போனை அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே பேசு. எனக்குக் குரல் நடுங்குது."

சீல் மேடம் எடுத்தார். அக்கா சொன்னதை ஒருமுறைகூடக் குறுக்கிடாமல் கேட்டார். "எழுத்துல அனுப்புங்க. இப்பவே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதே கடிதம் வாரியத்துக்கும் போனது. ஒரு மணி நேரத்தில் யார்டில் அந்த கன்டெய்னரின் கதவில் சிவப்புச் சீட்டு ஒட்டினார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மறுநாள் காலையில் வாரியத்தின் பட்டியலில் அக்காவின் கூடத்துக்கு எதிரே, 'கடலைச் சோதனை நிறுத்திவைக்கப்பட்டது' என்று வந்தது. துறைமுகத்து வாசலில் அந்தத் தாளை நாலு பேர் முண்டியடித்துப் படித்தார்கள்.

எங்கள் ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரர், "என்னப்பா, உங்கக்கா அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணா? அவங்க வாயைத் திறந்ததுல பதினாறு நாள் திரும்ப வந்துடும்போல இருக்கே" என்றார். பாதிக் கேலி, பாதிக் கோபம். நான் காகிதத்தைக் குத்தும் ஊசியில் விரலைக் குத்திக்கொண்டேன். அவர் சொன்னது நடந்துவிடும் என்றுதான் எனக்கும் பயம்.

கடலைக்காரர் நேராக அக்காவின் கூடத்துக்கே போய்விட்டார். பெரிய மனிதர், கணீரென்று பேசுவார். "என் கடலை நல்ல கடலைம்மா! ஒவ்வொரு சாக்கா நின்னு பாத்து ஏத்தினேன். நீ சொன்ன 3.2-ஐ நம்பித்தான் அங்க ஆளுக்கு வாக்குக் கொடுத்தேன். இப்ப நீயே இல்லைங்கற. நான் யாரை நம்பறது?" என்று வராந்தாவில் நின்று கேட்டார். அக்கா, "உங்க கடலை நல்லதா இருக்கலாம் சார். ஆனா அதைச் சொல்ற தகுதி இப்ப எனக்கு இல்ல" என்றாள். அவர் அதற்கு மேல் கத்த முடியாமல், கையை வீசிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் அக்கா நடமாடினாள், அவ்வளவுதான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டு பொங்க விட்டாள். பூட்டைத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் மாமாவை ரொம்பப் பயமுறுத்தியது. "ஏதாவது பேசுடி. என்னையாவது திட்டு" என்று பார்த்தார். "உங்களைத் திட்டறதுக்கு இன்னைக்கு ஒண்ணுமே கிடைக்கல" என்றாள். அவர் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். மருமகள் கையில் மாவுக்கட்டோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். கட்டு முழுக்க அவள் வகுப்புப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு, பூவும் மீனும் வரைந்திருந்தார்கள். நான் என் பெயரை எழுதிப் பக்கத்தில் ஒரு கப்பல் போட்டேன். மாமா ஒரு லிஃப்ட் போட்டார், பார்த்தால் அலமாரி மாதிரி இருந்தது. "அம்மா, நீ மட்டும்தான் பாக்கி" என்று பேனாவை நீட்டினாள் குழந்தை. அக்கா பேனாவை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். நின்றாள். பேனா முனை கட்டுக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றது. "எனக்கு இப்ப கை சரியில்லடா செல்லம். அப்புறம் போடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். "எனக்குத்தானே கை சரியில்ல?" என்று குழந்தை எங்களைக் கேட்டது.

திங்கட்கிழமை இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். ஒருவர் வாரியத்தின் மதிப்பீட்டாளர், ஒடிசலான மனிதர், தன் டீயைத் தானே ஃபிளாஸ்க்கில் கொண்டுவருபவர். எந்தக் கூடத்திலும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாராம். இன்னொருவர் சீல் மேடம். ஒப்பந்தத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து போகும் முதல் கூடம் அதுதான். மூன்று நாள் இருந்தார்கள். ஒன்றரை வருஷத்து நோட்டுகளை இறக்கி, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்கள். ஒவ்வொரு அறிக்கைக்கும் மிச்சம் எடுத்து வைத்திருந்த பதினோரு மாதிரிகளையும் சீல் மேடமே உறையிலிட்டு, வாரியம் அங்கீகரித்த வேறொரு கூடத்துக்கு அனுப்பினார்.

கடைசி நாள் அக்காவை உட்கார வைத்துக் கேட்டார்கள்.

"இந்த எடையை எழுதினது நீங்கதானே?" என்றார் மதிப்பீட்டாளர்.

"நான்தான் சார்."

"எழுதின நீங்களே ஏன் பாக்கல?"

அக்கா குழந்தையின் கையைப் பற்றிச் சொல்லவில்லை. "எழுதறதுக்குத்தான் பாத்தேன் சார். ஒப்பிடறதுக்குப் பாக்கல" என்றாள்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். சீல் மேடம் அதுவரை பேசாமல் இருந்தவர், "மூடி இறுகலைன்னு இவங்க சொல்லலைன்னா நமக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று மதிப்பீட்டாளரைக் கேட்டார். "அடுத்த வருஷம் வந்திருப்போம். அப்ப தெரிஞ்சிருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம்" என்றார் அவர். சீல் மேடம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று அக்கா அன்று முழுக்க யோசித்து மண்டையை உடைத்துக்கொண்டாள்.

மாதிரிகளின் முடிவு ஒரு வாரத்தில் வந்தது. ஒன்பது எதிர்பார்த்தபடியே சுத்தம். யார்டில் நின்றது 3.9. அதாவது கடலைக்காரர் சொன்னது சரி, அவர் கடலை நல்ல கடலை. பத்து நாள் வெயிலில் வீணாக நின்றது. கடலில் போய்க்கொண்டிருந்தது 4.6.

நின்றது நல்லது, போனது கெட்டது. அக்காவுக்குப் போன் போட்டேன். "தெரியும். வந்துடுச்சு" என்றாள்.

அந்தக் கப்பல் போய்ச் சேரும்வரை அவள் தினமும் ஒருமுறை, "எங்க வரைக்கும் போயிருக்கு?" என்று கேட்பாள். நான் திரையைப் பார்த்துச் சொல்வேன். இங்கிருந்து வாரியம் அந்த நாட்டு வாரியத்துக்கும், சீல் மேடத்தின் ஆபீஸ் அந்தத் துறைமுகத்துக்கும் முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். எழுதினால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. சில வருஷம் முன்பு ஒரு கன்டெய்னர் அங்கே பிடிபட்டபோது, இங்கிருந்து போன அத்தனை கடலையையும் ஏழு மாதம் தடுத்து வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் இரண்டு ஆபீஸ் அப்போது ஷட்டரை இறக்கியது. இந்தமுறையும் அப்படி ஆனால், காரணம் யார் என்று ஊருக்கே தெரியும்.

கப்பல் புதன்கிழமை சேர்ந்தது. வியாழன் தகவல் இல்லை. வெள்ளி தகவல் இல்லை. நான் ஒரு நாளில் பதினைந்து முறை சீல் மேடத்தின் ஆபீஸ் வாசலைத் தாண்டிப் போனேன், வேலையில்லாமலே. மேசைக்காரர்கள் பேசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். சனிக்கிழமை மதியம் ஒரு பியூன் வந்து என்னைக் கூப்பிட்டான். சீல் மேடம் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே பேசினார்.

"உங்க அக்கா நம்பர் போன்ல இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அவங்களுக்கு முறைப்படி திங்கட்கிழமை லெட்டர் போகும். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு தாங்காது. சொல்லிடுங்க. அங்க இறக்கினதும் தனியா எடுத்து வச்சு, பாத்துட்டாங்க. தோலை உரிச்சுக் கெட்ட கொட்டையப் பொறுக்கற மில்லுக்கு அனுப்பறாங்க. சுத்தமான பிறகு சோதிச்சு உள்ள விடுவாங்க. மத்த கன்டெய்னர் எதையும் தொடல. முன்னாடியே சொன்னதால நம்ம அறிக்கைகளை எப்பவும்போல ஏத்துக்கறோம்னு எழுதியிருக்காங்க."

நான் நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. வெளியே வந்து லாரிச் சத்தத்துக்கு நடுவே நின்று போன் பண்ணினேன். இந்தப் பக்கம் நான் கத்துகிறேன், அந்தப் பக்கம் அவள், "மில்லுக்கா? எந்த மில்லு? திரும்பச் சொல்லு" என்கிறாள். மூன்றாவது முறை சொன்னபோதுதான் அழுதாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. கூடத்தின் கடலைச் சோதனையை ஐந்து வாரம் நிறுத்தி வைத்தார்கள். அக்காவின் கையெழுத்து உரிமையை மூன்று மாதம் எடுத்துவிட்டு, மறுபடி பரீட்சை எழுதச் சொன்னார்கள். கடலைக்காரர் வேறு கூடத்துக்கு மாறினார், திரும்பி வரவேயில்லை. வேலை குறைந்ததால் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒரு பெண் அக்காவோடு பத்து வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவள், போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. அக்காவுக்கு அதுதான் ஆறாத காயம். ஒப்பந்தத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்று துறைமுக மண்டபத்தில் மறுபடி கூட்டம் நடந்தது. விட்டுவிடலாம் என்றவர்களும் இருந்தார்கள். சீல் மேடமும் அந்த ஃபிளாஸ்க்காரரும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருபது கன்டெய்னருக்கு ஒன்றைத் துறைமுகமே மறுபடி சோதிக்கும் என்ற ஒரு விதியைச் சேர்த்து, ஒப்பந்தத்தைத் தொடர்வதாகச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்துக்கு அக்கா போகவில்லை. வயிற்றுவலி என்றாள்.

பரீட்சையில் தேறினாள். உரிமை திரும்ப வந்தது. இப்போது ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட அவளுக்கு முன்பைவிட இரண்டு மடங்கு நேரமாகிறது என்று அவள் முதலாளி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். குறை சொன்ன மாதிரியும் தெரியவில்லை.

போன மாதம் நான் அவள் வீட்டில் இருந்தபோது ஒரு போன் வந்தது. எங்கள் ஊரின் இன்னொரு கூடத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவர், அக்காவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இதுவரை இவளிடம் நின்று ஒரு வார்த்தை பேசியிராதவர். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே அவள் துணி மடித்தாள்.

"அம்மா, எங்க மாதிரி காய வைக்கிற ஓவன்ல டிகிரி தப்பாக் காட்டியிருக்கு. மூணு வாரமா. இன்னைக்குத்தான் பாத்தேன்." குரல் அடங்கிப்போயிருந்தது. "சொன்னா என்ன ஆகும்?"

அக்கா துணியைக் கீழே வைத்தாள்.

"நிறுத்துவாங்க சார். எங்களுக்கு அஞ்சு வாரம். சாப்பாடு இறங்காது. கூட இருக்கறவங்க முகம் குடுத்துப் பேச மாட்டாங்க. கொஞ்சம் பேரு போயிடுவாங்க."

அந்தப் பக்கம் அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சொல்லலைன்னா?"

"அது எனக்குத் தெரியாது சார். சரக்கு எல்லாம் எங்க இருக்கு இப்ப? யார்டுலயா, கிளம்பிடுச்சா?"

"ரெண்டு யார்டுல. மூணு போயிடுச்சு."

அக்கா என் பக்கம் திரும்பி, பேனா வேண்டும் என்று கையைக் காட்டினாள். நான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "மேடத்தோட நேர் நம்பர் சொல்றேன் எழுதிக்குங்க" என்றாள். "இருங்க, அதுக்கு முன்னாடி அந்த மூணு கன்டெய்னர் எண்ணையும் சொல்லுங்க. என் தம்பி இங்கதான் இருக்கான்."